.22 ஹார்னெட் ரீலோடிங்: பவுடர் மாற்றியும் குரூப் இறுகவில்லை

களத்துமேடு

வணக்கம் மக்களே. சுட்ட கூட்டையே மறுபடி நிரப்பிச் சுடறேன் (ரீலோடிங்), ஆனா அட்டையில ஓட்டைகள் விழுற கூட்டம், அதாவது குரூப், இறுகல. கையில் இருப்பது போல்ட் ஆக்‌ஷன் .22 ஹார்னெட், குழலின் ட்விஸ்ட் (உள்வரிகளோட முறுக்கு) 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சோளக்கொல்லையில் வளை தோண்டுற சின்னப் பிராணிகளுக்குத்தான் இது. 100 கஜத்துல 45 கிரெயின் (எடை அலகு) சாஃப்ட் பாயின்ட், அதாவது ஈய முனைக் குண்டு, போட்டா ஒன்றே கால் அங்குலத்துக்குள்ள நிக்குது. 40 கிரெயின் பிளாஸ்டிக் முனை போட்டா மூணு அங்குலத்துக்குச் சிதறுது, ஒண்ணு ரெண்டு ஓட்டை லேசா நீள்வட்டமா வேற தெரியுது. பவுடரை மாத்தி மாத்திப் பார்த்தாச்சு, எதுவும் இறுகல. அடுத்து எந்தப் பவுடர் வாங்கலாம்?

மத்த விவரம்: பித்தளைக் கூடு எல்லாம் பல தடவை சுட்டது, ஒவ்வொரு முறையும் ஃபுல் லெங்த் சைஸிங் (டைங்கிற அச்சுல கூட்டை முழுசா விட்டுப் பழைய அளவுக்குக் கொண்டு வர்றது). சிலதுல குண்டு உட்காரும்போது கழுத்து நசுங்குது. ரிம்முக்கு (கூட்டோட அடி விளிம்பு) கொஞ்சம் மேலே மெல்லிசா ஒரு பளபளப்பு வளையம் இருக்கு, டை உரசுன தடம்னு நினைக்கிறேன்.

---

பித்தளைக்காரன்

பவுடர் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம் தம்பி. அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பயமா இருக்கு. அந்தக் கூடுகள்ல இனி ஒண்ணுகூடச் சுடாதீங்க, முதல்ல பரிசோதனை.

டை உரசுன தடம்னா கூட்டோட நீளவாக்குல கோடு கோடா இருக்கும். சுத்தி வர ஒரே வளையமா, அதுவும் அடிக்கு மேல கெட்டியான பகுதி முடிஞ்சு சுவர் மெலிய ஆரம்பிக்கிற இடத்துல இருந்தா, அங்க பித்தளை இழுபட்டு மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம். அடுத்த சூட்டுலயோ அதுக்கடுத்த சூட்டுலயோ அந்த இடத்துல கூடு ரெண்டாப் பிரியும். அடிப்பாகம் வெளியே வரும், முன்பாகம் சேம்பர்லயே (குழல்ல தோட்டா உட்காருற இடம்) மாட்டிக்கும். அதோட போனா அதிர்ஷ்டம். வாயு பின்பக்கம் கிளம்பினா கண்ணாடி போடாதவன் கண்ணு போச்சு.

ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியில ரெண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மடக்கி, அந்த நுனியைத் தேய்ச்சுக் கூராக்குங்க. கூட்டுக்குள்ள விட்டு அடியைத் தொட்டுட்டு, சுவரை ஒட்டினாப்புல மெதுவா மேல இழுங்க. நல்ல கூடுன்னா வழுக்கிட்டே வரும். மெலிஞ்ச கூடுன்னா ஒரு பள்ளத்துல நுனி ‘டொக்’னு விழும், விரலுக்கே தெரியும். சந்தேகமா இருந்தா ஒண்ணைப் பலி கொடுங்க. இரும்பறுக்கிற ரம்பத்தால நெடுக அறுத்துட்டு உள்சுவரைப் பாருங்க.

---

களத்துமேடு

அண்ணே, அறுத்துப் பார்த்தேன். வெளியே வளையம் தெரியுற அதே உயரத்துல உள்ளே நகத்தால கீறினாப்புல ஒரு பள்ளம். கம்பி அதுல நின்னுடுது. மத்ததையும் பார்த்ததுல பாதிக்கு மேல இதே கதை. எல்லாத்தையும் பிளையர்ல நசுக்கிட்டேன். ஆனா நான் மருந்தை எப்பவுமே அதிகமாப் போட்டதில்லையே, பின்ன எப்படி இப்படி?

---

பித்தளைக்காரன்

நசுக்கினது நல்லது. குப்பையில முழுசாப் போட்டா யாராவது எடுத்து மறுபடி சுடுவான்.

அதிக மருந்துக்கும் இதுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்ல. ஹார்னெட் ரிம் வச்ச கூடு. சேம்பர்ல அது எவ்வளவு உள்ளே போகணும்கிறதை ரிம்தான் தீர்மானிக்குது. அதனால சேம்பர் செய்றவங்க தோள்பட்டை (கழுத்துக்குக் கீழ கூடு சரியுற பகுதி) பக்கம் தாராளமா இடம் விட்டுடுவாங்க, ரிம் பிடிச்சுக்கிட்டாப் போதும்னு. முதல் சூட்டுல கூடு அந்த இடத்தை நிரப்பிக்கிட்டு முன்னால நீளும். நீங்க ஃபுல் லெங்த் டையை ஷெல் ஹோல்டர்ல (கூட்டோட அடியைப் பிடிச்சுக்கிற துண்டு) முட்ட இறக்கினா தோள் மறுபடி பழைய இடத்துக்கே போயிடும். அடுத்த சூட்டுல திரும்ப நீளணும். ஒரு கம்பியை அதே இடத்துல மடக்கி மடக்கி நிமிர்த்தினா என்ன ஆகும், அதேதான்.

வழி இதுதான். உங்க துப்பாக்கியில சுட்ட கூட்டோட கழுத்தையும் தோளையும் மெழுகுவர்த்திப் புகையில காட்டிக் கரி பிடிக்க வைங்க. சைஸிங் டையை ஷெல் ஹோல்டருக்கு மேல ஒரு முழுச்சுத்து இடைவெளி விட்டு வச்சு ஒரு கூட்டைச் சைஸ் பண்ணுங்க. கரி அழிஞ்ச இடம் டை எதுவரைக்கும் தொட்டதுன்னு காட்டும். ஹார்னெட்டோட தோள் சரிவு ரொம்பக் கம்மி, 5 டிகிரி சொச்சம்தான். கழுத்து எங்க முடியுது, தோள் எங்க தொடங்குதுன்னு வெறும் கண்ணுக்குப் புலப்படாது, அதுக்குத்தான் இந்தக் கரி. அரைக்கால் சுத்தா இறக்கிக்கிட்டே வந்து, டை தோளைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்துல நிறுத்துங்க. போல்ட்ல இருந்து ஸ்ட்ரைக்கரை (சுடுற ஊசியை) கழட்டிட்டு அந்தக் கூட்டைப் போட்டு மூடினா, கடைசி இறக்கத்துல லேசா ஒரு பிடிப்பு தெரியணும். லாக் நட்டை அங்கேயே இறுக்கிடுங்க. இனிமே உங்க கூட்டைத் தோள் தாங்கும், ரிம் சும்மா பேருக்குத்தான்.

அந்தக் கூடு உங்க துப்பாக்கிக்கு மட்டும்தான் செல்லும், இன்னொருத்தர் ஹார்னெட்ல போட்டா மூடாமப் போகலாம்.

---

கணக்கப்பிள்ளை

கூடு விஷயம் பித்தளைக்காரர் சொன்னதோடு முடிந்தது. நீள்வட்ட ஓட்டைக்கு வருகிறேன்.

ஓட்டை நீள்வட்டம் என்றால் குண்டு சாய்ந்து போய் அட்டையைத் தொட்டிருக்கிறது. எந்தப் பவுடரும் அதைத் திருத்தாது. குண்டை நிலைநிறுத்த எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் நீளம். எடை இல்லை. பிரிட்டிஷ் கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் 1879-ல் தந்த எளிய சூத்திரம் இன்றும் குத்துமதிப்புக்குப் போதும்: குண்டின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில், விடைதான் ஒரு சுற்றுக்குத் தேவையான ட்விஸ்ட். .224 விட்டமும் அரை அங்குல நீளமும் உள்ள குட்டையான 45 கிரெயின் குண்டுக்குப் போட்டால் விடை 15. உங்கள் 16-க்குப் பக்கத்தில் வருகிறது, அதனால்தான் சமாளிக்கிறது. பிளாஸ்டிக் முனை வைத்த 40 கிரெயின் குண்டு எடையில் குறைவு, நீளத்தில் அதிகம். 0.68 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் விடை 11. பிளாஸ்டிக் முனைக்கு எடை மிகக் குறைவு என்பதால் சூத்திரம் சற்று மிகையாகவே பயமுறுத்தும், ஆனாலும் நீங்கள் ஓரத்தில் நிற்கிறீர்கள்.

ஹார்னடி நிறுவனம் தன் .22 ஹார்னெட் தோட்டாவில் 35 கிரெயின் வி-மேக்ஸ் குண்டு போடுவதைக் கவனியுங்கள். அந்த எடையில் குண்டு குட்டை. தோட்டாக்களை வைக்கும் மேகசினிலும் இடிக்காது.

---

நீளக்குழல்

இதை ஒத்துக்க முடியல. என்னோட 1:16 ஹார்னெட்ல அதே 40 கிரெயின் பிளாஸ்டிக் முனை ஓட்டை மேல ஓட்டை போடுது. சூத்திரம் பார்த்துச் சுட்டா அப்புறம் துப்பாக்கி எதுக்கு?

---

கணக்கப்பிள்ளை

உங்கள் துப்பாக்கி பொய் சொல்லவில்லை, சூத்திரமும் பொய் சொல்லவில்லை. ஓரத்தில் நிற்கிற குண்டை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைக் காற்றின் அடர்த்தியும் வேகமும் முடிவு செய்யும். உயரமான மேட்டு நிலத்தில் வெயில் நேரம் சுட்டால் காற்று மெலிந்திருக்கும், குண்டு நிமிர்ந்து போகும். அதே தோட்டாவைத் தாழ்வான இடத்தில் குளிர்காலக் காலையில் சுட்டுப் பாருங்கள். களத்துமேடு எங்கே, எப்போது சுடுகிறார் என்று நம் இருவருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய அட்டையில் ஓட்டை சாய்ந்திருக்கிறது, அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

---

நீளக்குழல்

சரி, மேட்டு நிலம்தான் என் இடம். ஒத்துக்கிறேன், பாதி.

---

புதுசு

நானும் ஹார்னெட்காரன், இப்பத்தான் ரீலோடிங் பிரஸ் வாங்கினேன். இவ்வளவு கணக்கு எதுக்கு? யாராவது நல்லா ஓடுற ஒரு அளவைச் சொல்லுங்க: எந்தப் பவுடர், எத்தனை கிரெயின். நேரா அதையே போட்டுடறேன்.

---

பித்தளைக்காரன்

சொல்ல மாட்டோம் தம்பி, கோவிச்சுக்காதீங்க. இது பிகு இல்ல.

ஹார்னெட் கூட்டுல தண்ணி ஊத்தி எடை போட்டா சுமார் 14 கிரெயின் பிடிக்கும். .30-06-ங்கிற பெரிய ரைஃபிள் தோட்டாக் கூட்டுல 69 பக்கம் பிடிக்கும். .30-06-ல 0.1 கிரெயின் கூடினா யாருக்கும் தெரியாது. அதே 0.1 கிரெயின் ஹார்னெட்ல கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு கனமாப் பேசும். என் துப்பாக்கிக்கு உச்சமா இருக்கிற அளவு, உங்க கூடு வேற தயாரிப்பு, சுவர் தடிமனா இருந்து உள்ளிடம் கம்மின்னா, உங்களுக்கு எல்லை தாண்டினது. பவுடர்லயே லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதி) வித்தியாசம் உண்டு.

பேர் குழப்பம் வேற. 4895-ன்னு ஹாட்ஜ்டன் பேர்ல ஒண்ணு இருக்கு, ஐஎம்ஆர் பேர்ல ஒண்ணு இருக்கு. எண் ஒண்ணு, பவுடர் வேற வேற, ஒண்ணோட அட்டவணையை இன்னொண்ணுக்கு எடுக்கக் கூடாது. இங்க ஒருத்தர் அவசரத்துல தட்டி விட்டதைப் படிச்சு நீங்க ஊத்தினா யார் பொறுப்பு?

பவுடர் கம்பெனியும் குண்டுக் கம்பெனியும் போடுற கையேட்டுல, அதே குண்டு அதே எடைக்கு இருக்கிற ஆரம்ப அளவுல தொடங்குங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. தூக்கும்போது போல்ட் கனத்தா, பிரைமர் (பவுடரைப் பத்த வைக்கிற சின்னக் கிண்ணம்) ஓரம் சப்பையா விரிஞ்சா, கூட்டோட அடியில எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளுற முள்) தடம் பளபளன்னு விழுந்தா இறங்கி வாங்க. இந்த அறிகுறிகள் வர்றதுக்கு முன்னாடியே அழுத்தம் எல்லை தாண்டி இருக்கலாம். அறிகுறி இல்லைன்னா பத்திரம்னு அர்த்தமில்ல, அதனாலதான் கையேட்டுல இருக்கிற உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

இன்னொண்ணு, மேசை மேல எப்பவும் ஒரே ஒரு பவுடர் டப்பா. ஹார்னெட்ல பிஸ்டல் பவுடர் ரகங்களும் ஓடும், ரைஃபிள் ரகமும் ஓடும். ரெண்டு டப்பா திறந்திருந்தா மிச்சத்தை எதுக்குள்ள திருப்பிக் கொட்டினோம்கிற சந்தேகம் வந்தா அன்னிக்கு ரெண்டு டப்பாவும் வீண்.

---

புதுசு

புரிஞ்சுது அண்ணா. கையேடு வாங்கிட்டே வர்றேன். ஹார்னெட்டுக்கு ஸ்மால் பிஸ்டல் பிரைமர் போடலாம்னு கேள்விப்பட்டேன், அது?

---

கணக்கப்பிள்ளை

சிலர் போடுகிறார்கள், காரணமும் உண்டு. ஸ்மால் ரைஃபிள், ஸ்மால் பிஸ்டல் இரண்டுக்கும் விட்டம் ஒன்றே, 0.175 அங்குலம். இவ்வளவு சின்னக் கூட்டில் ரைஃபிள் பிரைமரின் வேகம், பவுடர் சரியாகப் பற்றும் முன்பே குண்டைக் கழுத்திலிருந்து நெட்டித் தள்ளிவிடும் என்பது வாதம். மென்மையான பிரைமரில் வேகம் சீராகிறது என்பார்கள். ஆனால் பிஸ்டல் பிரைமரின் கிண்ணம் மெல்லிசு, ஊசி குத்திய இடத்தில் ஓட்டை விழலாம். கையேடு அந்த அட்டவணையில் பிஸ்டல் பிரைமர் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போடுங்கள். பிரைமரை மாற்றினால் மறுபடி ஆரம்ப அளவிலிருந்து.

பழைய கூடுகளைப் பொறுக்கி வருகிறவர்கள் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு ஓட்டை என்றால் பாக்ஸர் ரகம், டையின் ஊசி பிரைமரைத் தள்ளிவிடும். ஓரமாக இரண்டு சிறு ஓட்டை என்றால் பெர்டான் ரகம், ஊசி உடையும். இதில் ஒரு வேடிக்கை: பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்கா முழுக்க பாக்ஸர், ஐரோப்பாவில் வெகுகாலம் பெர்டான்.

---

சாம்பல்கோடு

இடையில நுழையறேன். நான் .220 ஸ்விஃப்ட்ங்கிற அதிவேகத் தோட்டா ஆளு. 1935-ல வின்செஸ்டர் இதை விட்டப்போ 48 கிரெயின் குண்டுக்கு நொடிக்கு 4,110 அடின்னு அறிவிச்சாங்க. ஹார்னெட்காரங்களுக்கு ட்விஸ்ட் போதல, எங்களுக்கு ட்விஸ்ட் அதிகமாப் போயிடுமோன்னு கவலை.

கணக்கு எளிசு: வேகத்தை 720-ஆல் பெருக்கி ட்விஸ்ட்டால வகுத்தா நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு வரும். 3,700 அடி வேகம், 1:14 குழல்னா 1,90,000 சுத்து. அதே வேகத்தை 1:8 குழல்ல தள்ளினா 3,33,000. வார்மின்ட் (பயிரை அழிக்கிற சின்னப் பிராணி) குண்டுக்கு மேலுறை ரொம்ப மெல்லிசு, பட்டவுடனே உடையணும்னுதான் செய்றாங்க. அவ்வளவு சுழற்சியில சிலது பாதி வழியிலேயே உடைஞ்சிடும். ஸ்கோப்புல பார்த்தா காத்துல சாம்பல் நிறத்துல ஒரு கீற்று, கொஞ்சம் வளைஞ்சு போய் ஒண்ணுமில்லாம முடியும். அட்டையில ஓட்டையே இருக்காது. என் பேருக்கு அதுதான் காரணம். குழல் சூடேறி உட்புறம் கரகரப்பாகிப் போச்சுன்னா இன்னும் சீக்கிரம் வரும். இந்த வேகத்துல அடுக்கடுக்காச் சுட்டா குழலோட தொண்டை (சேம்பருக்கு அடுத்த பகுதி) முதல்ல தின்னு போகும், அதனால விட்டு விட்டுத்தான் சுடணும்.

ஹார்னெட்ல குழல் தேயறது இவ்வளவு கவலைக்குரிய விஷயமே இல்ல. 1930-ல இருந்து வின்செஸ்டர் தோட்டா வந்துட்டிருக்கு, அந்தக் காலத் துப்பாக்கி இன்னும் சுடுது. ஆனா பழசு வாங்கினா குழலை அளந்துட்டு வாங்குங்க. ஆரம்ப கால ஹார்னெட் சிலதுக்கு .223 விட்டக் குண்டுதான், இப்ப வர்றது .224.

---

நீளக்குழல்

கழுத்து நசுங்குறதுக்கு யாருமே பதில் சொல்லலையே. ஹார்னெட் கழுத்து காகிதம் மாதிரி மெல்லிசு, அதான் மூல காரணம். டிரிம் பண்ணின (கூட்டு நீளத்தை வெட்டின) பிறகு வாயோட உள்விளிம்பை லேசா, ரொம்ப லேசா சாய்வாத் தட்டிவிடுங்க. அழுத்தினா கத்தி மாதிரி ஆயிடும், பிளக்கும். அடிப்பக்கம் சப்பையான குண்டுதான் அதிகம் மக்கர் பண்ணும். குண்டைக் கையால நேரா நிறுத்தி, பிரஸ் கைப்பிடியைப் பாதி வரைக்கும் இறக்கி, கொஞ்சம் மேல எடுத்து, கூட்டை அரைச்சுத்துத் திருப்பி, அப்புறம் முழுசா இறக்குங்க. குண்டு கோணலா உட்காருறதும் இதால குறையும். குண்டை உட்கார வைக்கிற சீட்டிங் டையில கிரிம்ப் விளிம்பு (கூட்டு வாயைக் குண்டு மேல இறுக்குறது) இருந்தா டையைத் தூக்கி வச்சுக்குங்க. கூடுகளோட நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறினா, நீளமானது அந்த விளிம்புல முட்டித் தோள் பிதுங்கிடும். நசுங்கினதுல பாதி அப்படித்தான் இருக்கும், டிரிம் நீளத்தை அளந்து பாருங்க.

---

களத்துமேடு

அளந்தேன், ஒரே டப்பாவுல கூடுகளோட நீளம் ஏத்த இறக்கமா இருக்கு. இனி எல்லாத்தையும் ஒரே நீளத்துக்கு வெட்டிட்டுத்தான் மேற்கொண்டு.

35 கிரெயினுக்கு மாறி, புதுப் பித்தளையில, டையைத் தூக்கி வச்சு ஒரு சுத்து சுட்டுட்டேன். ஓட்டை எல்லாம் வட்டம். முதல் மூணு குண்டும் முக்கால் அங்குலத்துக்குள்ள விழுந்துச்சு. முக்கால் அங்குல ஹார்னெட்னு சொல்லிக்கலாமா?

---

கணக்கப்பிள்ளை

சொல்லிக்கொள்ளலாம், நம்பக் கூடாது. மூன்று குண்டுக் குரூப் எப்போதும் முகஸ்துதி செய்யும். அதே துப்பாக்கி, அதே தோட்டா, மூன்று குண்டுக் குரூப்பின் சராசரி 1 அங்குலம் என்றால் பத்துக் குண்டுக் குரூப் சராசரியாக 1.6 அங்குலம் வரும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, குண்டு கூடக் கூட ஓரத்தில் விழுகிற வாய்ப்பும் கூடுகிறது. இரண்டு பவுடர்களுக்கு மூன்று மூன்று குண்டு சுட்டு, ஒன்றுக்கு முக்கால் அங்குலமும் இன்னொன்றுக்கு ஒரு அங்குலமும் வந்தால், இது நல்லது அது மோசம் என்று முடிவு கட்டுவது காசு சுண்டுவதற்குச் சமம். நீங்கள் பவுடர் மாற்றி மாற்றி அலைந்ததும் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்.

---

சாம்பல்கோடு

பத்துக் குண்டெல்லாம் களத்துல யார் சுடறா? வளை வாசல்ல தலை தெரியுறது ஒரு நொடி. முதல் குண்டு எங்க விழுதுங்கிறதுதான் எனக்கு முக்கியம். குளிர்ந்த குழல்ல ஒண்ணே ஒண்ணு, மறுநாள் ஒண்ணு, ஒரே அட்டையில.

---

கணக்கப்பிள்ளை

அதுவும் பத்துக் குண்டுதானே, நாள் மட்டும் பிரிந்திருக்கிறது. முறை நல்லது. அட்டையை மாற்றாமல் இருந்தால் சரி.

களத்துமேடு, வேகமானி கிடைத்தால் அதையும் வைத்துச் சுடுங்கள். ஹார்னெட்டில் தோட்டாவுக்குத் தோட்டா நொடிக்கு 100 அடி வித்தியாசம் வந்தாலும் 100 கஜத்தில் மேல் கீழாகக் கால் அங்குலத்துக்குள் அடங்கிவிடும், உங்கள் கண்ணுக்கே தெரியாது. 200 கஜத்தில் சுமார் ஒரு அங்குலம் வரும். பக்கவாட்டில் சிதறினால் காற்றோ, உங்கள் தோளோ, கோணல் குண்டோ. 200 கஜத்தில் நெடுக்காக மட்டும் சிதறினால் மருந்து அளவையும் பிரைமரையும் அப்போது பாருங்கள்.

---

பித்தளைக்காரன்

நெடுக்கா சிதறினா தராசையும் பாருங்க. காத்தாடி ஓடுற அறையில எலக்ட்ரானிக் தராசு 0.1, 0.2 ஆடிக்கிட்டே இருக்கும். .30-06-ல தெரியாத ஆட்டம் இதுல தெரியும்னு மேலேயே சொன்னேன்.

---

களத்துமேடு

பத்து பத்தா சுட்டேன், காத்தாடியை அணைச்சுட்டு எடை போட்ட மருந்து. 100 கஜத்துல ஒண்ணேகால் பக்கம் நிலையா வருது. சாஃப்ட் பாயின்ட் போட்டு ஆரம்பத்துல வந்த அதே அளவுதான், ஆனா அது அஞ்சு குண்டு. எனக்கு இது போதும். புதுப் பவுடர் வாங்குற எண்ணத்தை விட்டாச்சு.

ஒரு கேள்வி மட்டும். பித்தளை இனி அடியில பிரியாம ரொம்ப நாள் உழைச்சா, கழுத்து இறுகிப் பிளக்குமே. ஹார்னெட் கூட்டை அனீல் பண்ணலாமா (சூடாக்கிக் கழுத்தை இளக்கலாமா)?

---

பித்தளைக்காரன்

பண்ணலாம், ஆனா கூடு குட்டை, அதுதான் வம்பு. கழுத்துல வச்ச சூடு நொடியில அடிக்கு இறங்கிடும். அடிப்பாகம் இளகிப் போன கூடு வெடிகுண்டுக்குச் சமம், அதை எந்தக் காலத்துலயும் சுடக் கூடாது. அடியை விரல்ல பிடிச்சுக்கிட்டு கழுத்தைச் சின்னத் தீயில சுழட்டுங்க. விரலுக்குச் சூடு தாங்கலைன்னா உடனே ஈரத்துணியில போட்டுடுங்க. விரல் பொறுக்கிற சூட்டுல அடிக்கு ஒண்ணும் ஆகாது. கழுத்து சிவக்கிற அளவுக்கு விட்டா அதிகம். பிரைமர் கழட்டின வெறும் கூட்டுலதான் இதெல்லாம், பவுடர் டப்பா அதே அறையிலயே இருக்கக் கூடாது.

சுட்ட பிரைமர் தூசுல ஈயம் உண்டு. கூடு சுத்தம் பண்ணின கையோட சாப்பாட்டுல உட்காராதீங்க.

---

புதுசு

கையேடு வந்துடுச்சு. என் குண்டு எடைக்கு மூணு பவுடர் போட்டிருக்கான், அதுல ஒண்ணுதான் கடையில கிடைக்குது. அதையே வாங்கறேன்.

---

நீளக்குழல்

அதுதான் சரியான காரணம். உங்க ட்விஸ்ட் என்னன்னு முதல்ல அளந்துட்டுக் குண்டு வாங்குங்க. சுத்தம் பண்ற கம்பியில இறுக்கமாத் துணியைச் சுத்தி உள்ள தள்ளுங்க, கம்பியில ஒரு அடையாளம் போட்டுட்டு இழுங்க. அடையாளம் ஒரு முழுச்சுத்து வர்றதுக்கு எத்தனை அங்குலம் வெளியே வந்துச்சோ அதான் ட்விஸ்ட். கைப்பிடி தாராளமாச் சுழல்ற கம்பியா இருக்கணும், இல்லேன்னா துணி வழுக்கித் தப்பாக் காட்டும்.